மருந்தடிப்பவருக்கு ஏற்படும் நஞ்சேற்றம்: காரணம், அறிகுறி, சிகிச்சை



புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிப் பருத்தி, கார்த்திகை மார்கழியில் சப்பை வைத்துக் காய் பிடிக்கும். அருப்புக்கோட்டை, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காடுகளில் தெளிப்பான் முதுகில் ஏறும் காலம் அதுதான். காலையில் மருந்தடித்துத் திரும்பியவர் பிற்பகலில் தலை கிறுகிறுக்கிறது என்பார். வாந்தி எடுப்பார். 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை' என்று வீட்டார் மோர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். பலருக்கு விடிந்ததும் சரியாகிவிடுகிறது. சிலருக்கு இரவிலேயே மூச்சு முட்டத் தொடங்குகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, 'என்ன மருந்து?' என்பது. நம் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குச் சிக்கல் அதிகம். சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்றால் பட்டாசுக்குள் அடைக்கும் வெடிமருந்து. காட்டில் மருந்து என்றால் பூச்சிக்கொல்லி. ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. 'மருந்து பட்டுவிட்டது, டாக்டர்' என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பூச்சிமருந்து என்று தெளிவாகச் சொன்னாலும் போதாது. ஏனென்றால் நஞ்சு ஒரு வகையல்ல, அதற்கான சிகிச்சையும் ஒரு வகையல்ல. புட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரைச் சொல்ல முடிந்தவருக்குச் சிகிச்சை விரைவாகத் தொடங்குகிறது. அந்தப் பெயரால் என்ன வேறுபாடு வருகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சட்டம் பிறந்த கதை

1958ஆம் ஆண்டு கேரளத்தில், உணவுப் பொருள்களுடன் ஒரே கப்பலில் ஏற்றி வந்த பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கசிந்து உணவில் கலந்துவிட்டது. அதை உண்டவர்களில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நம் கிராமங்களில் 'பாலிடால்' என்று பெரியவர்கள் சொல்லுவார்களே, அந்த மருந்துதான் இது. அந்தத் துயரத்தின் விளைவாகவே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971இல் அதன் விதிகளும் வந்தன. புட்டியில் முக்கோண நிறக்குறி, உள்ளே மடித்து வைத்த துண்டுத்தாள், அதில் நஞ்சின் அறிகுறி, முதலுதவி, மாற்று மருந்து ஆகியவை இருக்க வேண்டும் என்று விதித்தவை இவ்விதிகளே. நம்மில் எத்தனை பேர் அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்கிறோம்? பெரும்பாலும் அது கடை வாசலிலேயே காற்றில் போய்விடுகிறது.

2017ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்ட உழவர்களும் கூலியாட்களும் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். நம் மாநிலத்தில் பெரம்பலூர் வட்டாரத்திலிருந்தும் அதே ஆண்டு இத்தகைய செய்தி வந்தது. அவர்கள் எவரும் நஞ்சைக் குடித்தவர்கள் அல்லர். வேலை செய்தவர்கள். யவத்மாலில் அந்தப் பருவத்தில் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. தெளித்த நீர் செடியில் விழுந்ததைப் போலவே தெளித்தவர் தலையிலும் முகத்திலும் விழுந்தது. வேகமாகப் பீய்ச்சும் விசைத்தெளிப்பான் நுண்துளியைக் காற்றில் மிதக்க விட்டது. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்தும் அடித்தார்கள். இவை மூன்றும் நம் ஊரிலும் நடப்பவைதாம்.

உடலுக்குள் எப்படிப் போகிறது?

மூக்கு வழியாகத்தான் மருந்து உள்ளே போகிறது என்று பலர் நினைத்து, துண்டை மட்டும் முகத்தில் கட்டிக்கொள்கிறார்கள். தெளிப்பவருக்குப் பெரும்பங்கு நஞ்சு தோல் வழியாகவே ஏறுகிறது. அந்தத் துண்டும் நனைந்துவிட்டால், நஞ்சை மூக்கோடும் வாயோடும் வைத்துக் கட்டியது போலாகிவிடும்.

தோல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. பாரத்தியானைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 1971இல் வெளியான ஆய்வில், முன்கை உறிஞ்சும் அளவை 1 என்று வைத்தால், உச்சந்தலை ஏறத்தாழ 4, நெற்றியும் 4, காதுத்துளை 5, விதைப்பை ஏறத்தாழ 12 என்று கண்டறிந்தார்கள். முதுகில் சுமந்த தெளிப்பானின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மருந்து நீர் எங்கே வழிகிறது? முதுகு வழியாக இறங்கி, இடுப்பு நனைந்து, டவுசருக்குள். மிக வேகமாக உறிஞ்சும் இடத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நடக்கிறோம். கசியும் தெளிப்பானுக்கு ஒரு வாஷர் மாற்றுவது சில ரூபாய் வேலை. அதை நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்.

அடிக்கும் நேரத்தைவிடக் கலக்கும் நேரம் ஆபத்தானது. ஒரு கணக்குப் பாருங்கள். லிட்டருக்கு 2 மி.லி. வீதம் கலக்கும் மருந்து, புட்டிக்குள் இருக்கும்போது 500 மடங்கு வலுவாக இருக்கிறது. ஊற்றும்போது 5 மி.லி. கையில் சிந்தினால், கலந்த மருந்து நீர் இரண்டரை லிட்டரைக் கையில் ஊற்றிக்கொண்டதற்குச் சமம். 'கொஞ்சம்தானே பட்டது' என்று வேட்டியில் துடைத்துவிட்டுப் போவது தவறு. வேட்டியும் நஞ்சாகிவிடுகிறது.

மடை மூடாத வயல்

பருத்தியிலும் மற்றப் பயிர்களிலும் நெடுங்காலம் அதிகமாகப் பயன்பட்டவை ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள். குளோர்பைரிபாஸ், குவினால்பாஸ், புரபனோபாஸ், டைமெத்தோயேட், அசிபேட் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. பாஸ்பரசு கலந்த சேர்மங்கள் இவை. புழுவை எப்படிக் கொல்கின்றனவோ, அதே வழியில்தான் மனிதனையும் தாக்குகின்றன.

நரம்பு ஒரு தசைக்கோ சுரப்பிக்கோ கட்டளை அனுப்ப வேண்டுமானால், நுனியில் ஒரு பொருளைச் சுரக்கிறது. அதை அசிடைல்கோலின் என்பர். மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் போன்றது இது. வேண்டிய அளவு பாய்ந்ததும் மடையை அடைக்க ஆள் வேண்டும். உடலில் அந்த மடையடைக்கும் ஆள், கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. ஆர்கனோபாஸ்பேட் மருந்து இந்த ஆளின் கையைக் கட்டிப்போடுகிறது. மடை திறந்தது திறந்தபடி. நீர் பாய்ந்துகொண்டே இருக்கிறது.

அறிகுறிகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதாம். வாயில் எச்சில் ஒழுகும், கண்ணீர், மூக்குநீர் வடியும், வேர்வை கொட்டும். வயிறு முறுக்கி வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சிறுநீர் தன்னையறியாமல் போகலாம். கண்ணின் கருமணியில் உள்ள பாவை குண்டூசி முனையளவு சுருங்கிவிடும். பார்வை மங்கும். இமையும் கன்னமும் கெண்டைக்கால் சதையும் தோலுக்கடியில் புழு நெளிவது போலத் துடிக்கும். நெஞ்சு இறுகும், இருமலுடன் நுரை வரும். மூழ்கிய வயலைப் போல நுரையீரல் நீரால் நிரம்பும். மூச்சுத் தசைகளும் சோர்ந்துபோனால் உயிருக்கே ஆபத்து.

தொடக்கத்தில் இவ்வளவும் ஒருசேர வராது. தலைவலி, களைப்பு, குமட்டல், 'கண்ணுக்கு முன்னால் பனி மூட்டம் போல இருக்கிறது' என்ற சொல், இவ்வளவுதான் இருக்கும். மருந்தடித்த அன்று இவற்றில் எதுவும் வந்தால் அதை நஞ்சு என்றே கொள்ளவும். உடல் வலிக்கு என்று மது அருந்துவோர், தமக்கு வந்த தள்ளாட்டம் எதனால் என்று வீட்டாருக்குத் தெரியாமல் செய்துவிடுகிறார்கள். மருந்தடித்த நாளில் மது கூடவே கூடாது.

வெயில் மயக்கத்துக்கும் இதற்கும் எப்படி வேறுபாடு காண்பது? வெயிலில் வாடியவருக்கு வாய் உலரும், தாகம் எடுக்கும், சிறுநீர் குறையும். நஞ்சேறியவருக்கு வாயில் எச்சில் ஊறும், கண்ணில் நீர் வழியும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் காட்டிக் கண்பாவையைப் பாருங்கள். மங்கிய வெளிச்சத்திலும் அது ஊசிமுனையாக இருந்தால் வெயில் அல்ல. பாவை சுருங்காமல் இருப்பதால் மட்டும் நஞ்சு இல்லை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஐயம் இருந்தாலே புறப்பட வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் அட்ரோபின் ஊசி. பாய்ந்து நிற்கும் நீரை வடிப்பது இதன் வேலை. எச்சிலும் நெஞ்சுச் சளியும் வற்றி, நுரையீரல் தெளியும்வரை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே போவார்கள். இதனால் நோயாளிக்கு வாய் உலரும், நெஞ்சு படபடக்கும், சில வேளை பிதற்றுவார், படுக்கையைவிட்டு எழுந்து ஓடப் பார்ப்பார். 'ஊசி போட்டுப் புத்தியைக் கெடுத்துவிட்டார்கள்' என்று உறவினர்கள் சண்டைக்குப் போவதுண்டு. அளவைக் குறைத்தால் சரியாகிவிடும். அட்ரோபின் போன்ற பொருள் ஊமத்தையிலும் இருக்கிறது என்று தெரிந்த சிலர் அதை அரைத்துக் கொடுக்க நினைக்கலாம். ஊமத்தையில் எவ்வளவு இருக்கிறது என்று செடிக்குச் செடி மாறும். அதுவே ஆளைக் கொல்லும் நஞ்சு. ஒருபோதும் கொடுக்கலாகாது.

இரண்டாவது மருந்து பிராலிடாக்சிம். சுருக்கமாகப் 'பாம்' என்பார்கள். மடையடைக்கும் ஆளின் கைக்கட்டை அவிழ்ப்பது இதன் வேலை. கட்டு இறுகிவிட்டால் பிறகு அவிழ்க்க முடியாது. எவ்வளவு நேரத்தில் இறுகும் என்பது மருந்தைப் பொறுத்தது. டைமெத்தோயேட், மானோகுரோட்டோபாஸ் போன்றவற்றில் பாதி நொதி ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள் மீட்க முடியாதபடி ஆகிவிடும். குளோர்பைரிபாஸ், குவினால்பாஸ் போன்றவற்றில் ஒரு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு. புட்டியின் பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் இந்தக் கணக்கைப் போட முடியும். 'வெள்ளைப் புட்டி, நீல மூடி, கடைக்காரர் கொடுத்தார்' என்பதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

தேறிவிட்டது போலத் தோன்றிய நோயாளிக்கு ஒரு நாள் முதல் நான்கு நாட்களுக்குள் மறுபடி ஒரு ஆபத்து வருவதுண்டு. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது, கழுத்து துவளும், பிறகு மூச்சு சோரும். அந்நேரம் செயற்கைச் சுவாசக் கருவி அருகில் இருந்தால் பிழைத்துக்கொள்வார். 'நேற்றே நன்றாகப் பேசினாரே' என்று மருத்துவர் சொல்லைக் கேளாமல் வீட்டுக்கு அழைத்துவந்து இழந்துவிடாதீர்கள். அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் முதல் ஊசிகளைப் போட்டுக்கொண்டு, அவர்கள் அனுப்பினால் விருதுநகரில் 2022 சனவரியில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ செல்லவும். முதல் ஊசியைப் போடாமல் நேரே மதுரைக்குப் புறப்படுவது, வழியிலேயே ஆளை விடுவதற்குச் சமம்.

சில மருந்துகளில், எல்லாம் தேறி இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாதம் மரத்து, கால் விரல் தரையில் இழுபடத் தொடங்கும். அப்போது பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்ற நஞ்சுகள்

கார்போபியூரான் குருணை போன்ற கார்பமேட் வகையும் அதே அறிகுறிகளைத்தான் தரும். ஆனால் கட்டு தானாகவே ஒரு நாளைக்குள் அவிழ்ந்துவிடும். அட்ரோபின் வேண்டும், பிராலிடாக்சிம் பெரும்பாலும் தேவைப்படாது.

சைபர்மெத்ரின் போன்ற பைரித்திராய்டுகள் முகத்திலும் கையிலும் பட்டால் மிளகாய் பட்டது போல எரியும், ஊசி குத்தும். வேர்த்தால் கூடும். சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவினால் ஒரு நாளில் அடங்கும். உள்ளே போய்விட்டால் வாந்தியும் வலிப்பும் வரலாம். இதற்கு அட்ரோபினைக் கூட்டிக் கூட்டிக் கொடுப்பது பொருந்தாத சிகிச்சை. புரபனோபாசும் சைபர்மெத்ரினும் கலந்து வரும் புட்டிகள் உண்டு. அதில் முதலாவது மருந்து, இரண்டாவதை உடல் முறிக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் தனித்தனி நஞ்சைவிடக் கடுமை. கடையில் சொல்கிறார்கள் என்று தெளிப்பானில் வைத்து நீங்களே இரண்டு மூன்றைக் கலப்பதை நான் சிறிதும் ஏற்பதில்லை. பூச்சிக்கும் பயன் குறைவு, ஆஸ்பத்திரியில் கணக்கும் குழம்பும்.

மக்காச்சோளப் படைப்புழு நம் மாநிலத்துக்கு 2018இல் வந்த பிறகு எமாமெக்டின் பென்சோயேட் அதிகம் வாங்கப்படுகிறது. செடியின் குருத்தில் அடிப்பதால் கையும் முகமும் நனையும். உள்ளே போனால் தூக்கமும் தடுமாற்றமும் மயக்கமும் வரும்.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லி வேறு இனம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வாயில் பட்டால் புண்ணாகும். சில நாட்களில் சிறுநீரகமும் நுரையீரலும் கெடும். மற்ற நோயாளிக்கெல்லாம் உயிர் காக்கும் பிராணவாயு, இதில் தேவைக்கு மேல் கொடுத்தால் நுரையீரலுக்குக் கேடு. ஆகவே பெயர் சொல்வது இங்கே மேலும் முக்கியம். காலில் புண்ணோ சிராய்ப்போ இருக்கும்போது இதை அடிக்க வேண்டாம். அடைத்த முனையை வாய் வைத்து ஊதுவதை எந்த மருந்திலும் செய்யலாகாது, இதில் அறவே கூடாது.

தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை விடும். ஆள் படுத்துறங்கும் வீட்டில், ஒரு சுவருக்கு அப்பால்கூட இதைப் போடக்கூடாது. தலைவலி, நெஞ்சிறுக்கம் தோன்றினால் உடனே அனைவரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும்.

எலி பேஸ்ட்டைப் பற்றி நம் மாவட்டத்துக்காக ஒரு வார்த்தை. அதில் இருந்தது மஞ்சள் பாஸ்பரசு. தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்புப் பாஸ்பரசு, இரண்டும் ஒன்றல்ல. தீப்பெட்டித் தொழிலாளரின் தாடை எலும்பை அரித்த காரணத்தால் மஞ்சள் பாஸ்பரசுத் தீக்குச்சிகளை இந்தியாவில் 1913இலேயே சட்டம் தடுத்துவிட்டது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920களில்தான். எலி பேஸ்ட்டைத் தமிழக அரசு நிரந்தரமாகத் தடை செய்தது 2023இல். பழைய குழாய் எங்காவது கிடக்கலாம். குழந்தை அதை வாயில் வைத்துவிட்டால் முதல் நாள் லேசான வாந்தியோடு நின்றுவிடும். இரண்டாம் மூன்றாம் நாள் ஈரல் கெடும். முதல் நாள் நன்றாக விளையாடுகிறதே என்று ஏமாந்து விடாமல், அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

பட்டாசு ஆலையும் பாம்பும்

நம் பகுதியில் ஒரே வீட்டில் ஒருவர் ஆலைக்கும் ஒருவர் காட்டுக்கும் போவது வழக்கம். ஒரே ஆள் வாரத்தில் ஐந்து நாள் ஆலைக்குப் போய், விடுமுறையில் மருந்தடிப்பதும் உண்டு. மருத்துவரிடம் இரண்டு வேலையையும் சொல்ல வேண்டும். பச்சை ஒளிக்காகப் பயன்பட்ட பேரியம் நைட்ரேட்டை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. பேரியம் உப்பு கை வழியாக வாய்க்குள் போனால் வாந்தியும் பேதியும் வந்து, பிறகு கைகால் துவளும். பார்வைக்குப் பூச்சிமருந்து நஞ்சு போலவே இருக்கும். ஆனால் அதில் இரத்தத்தில் பொட்டாசியம் குறைவதுதான் கோளாறு, சிகிச்சையும் அதற்குத்தான்.

ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பதும், கை கழுவாமல் உண்ணக்கூடாது என்பதும் அங்கே வேலை செய்பவருக்குத் தெரியும். அதே ஆள் காட்டில் வெறுங்காலுடன், வெறுங்கையால் மருந்தைக் கலக்குகிறார். வெடிமருந்து உடனே வெடிக்கும் என்று பயம். இது மெதுவாக ஏறுவதால் பயமில்லை.

பருத்திக் காட்டில் விழுந்து கிடப்பவரைப் பாம்பு கடித்திருக்கலாம் என்றும் நினைப்போம். நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடியில் இமை தொங்கும், பேச்சு குழறும். அந்த முடக்கத்துக்கு மருத்துவர் கொடுக்கக்கூடிய நியோஸ்டிக்மின் என்னும் ஊசி, கோலினெஸ்டரேஸ் நொதியை அடக்கும் மருந்து. ஆர்கனோபாஸ்பேட் ஏறியவருக்கு அதைக் கொடுத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியதாகும். எனவே, 'காலையில் இன்ன மருந்து அடித்தார்' என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

நஞ்சேறியவரைக் காட்டிலிருந்து நிழலுக்கு, காற்று வரும் பக்கத்துக்குக் கொண்டுவரவும். தொடுபவர் கையில் ரப்பர் உறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொள்ளட்டும். நனைந்த உடைகள் அனைத்தையும், அரைஞாண், இடுப்பு வார் உட்பட, கழற்றிவிட வேண்டும். வெட்கப்பட நேரமில்லை. மறைப்புக்குச் சேலையோ போர்வையோ பிடித்துக்கொண்டு, சோப்புப் போட்டுத் தலைமுடி, காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு, நக இடுக்கு ஆகியவற்றை நிறைய நீர் விட்டுக் கழுவவும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் சுத்தமான நீரை மெல்ல விட்டுக்கொண்டே இருக்கவும். ஆள் மூச்சுத் திணறினால் கழுவுவதற்காகக் காத்திராமல் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை கழுவவும்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல், எண்ணெய், பால், புளித்தண்ணீர், வேறெதுவும் வாயில் ஊற்றாதீர்கள். மயங்கியவருக்கு ஊற்றியது நுரையீரலில் இறங்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் சேரும் எச்சிலையும் நுரையையும் துணியால் துடைத்துவிடவும். வாந்தி எடுத்தால் முகம் கீழ்நோக்கி இருக்கட்டும்.

புட்டியை எடுத்துச் செல்லுங்கள். மூடியை இறுக்கி, பாலித்தீன் பையில் போட்டு, நோயாளியோடு போகிறவர் கையில் கொடுங்கள். தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம், மருத்துவரும் கேட்கலாம். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் அவர்களும் விடை சொல்ல முடியும்.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. மருந்தைக் கலக்கும் முன்பே புட்டியின் முகப்பைக் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டில் உள்ள ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். வணிகப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள இரசாயனப் பெயரும் சதவீதமும் படத்தில் தெளிவாக விழ வேண்டும். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயரில் விற்பதால் வணிகப் பெயர் மட்டும் போதாது. கடையில் பில் கேட்டு வாங்கவும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் நஞ்சின் கடுமையைச் சொல்லும். மாற்று மருந்து உண்டா இல்லையா என்பதைச் சொல்லாது. பச்சை என்றால் பயமில்லை என்பதும் தவறு.

வீட்டுப் பரணையும் மோட்டார் அறையையும் ஒருமுறை பாருங்கள். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடுத்தது. மீதைல் பாரத்தியான் 2018இல் தடையானது. போரேட் குருணையும் டைக்குளோர்வாசும் 2020 இறுதியோடு நின்றன. மானோகுரோட்டோபாஸ் 36 சதக் கரைசலின் பதிவை 2023இல் ரத்து செய்தார்கள். மீதமிருக்கும் புட்டியை 'பணம் போட்டு வாங்கியதாயிற்றே' என்று அடித்துத் தீர்க்க வேண்டாம். ஓடையில் ஊற்றவும் வேண்டாம். வட்டார வேளாண்மை அலுவலரிடம் கேட்டு அவர் சொன்னபடி செய்யவும்.

இருக்கும் மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். குழந்தைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. கடன், விளைச்சல் இழப்பு, குடும்பச் சண்டை என்று மனம் ஒடிந்த ஒரு நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் புட்டி இருப்பதுதான் பல வீடுகளில் விபரீதமாகியிருக்கிறது. தமிழக அரசு 2023இல் ஆறு பூச்சிமருந்துகளை 60 நாட்களுக்குத் தடுத்து வைத்ததும் இதற்காகவே. அந்த நேரம் கடந்துவிட்டால் மனம் மாறிவிடும். வீட்டில் யாரேனும் அப்படிப் பேசினால் புட்டியை அன்றே அப்புறப்படுத்தி, அவரைத் தனியே விடாமல், 104 அல்லது 14416 என்ற எண்ணில் பேச வையுங்கள்.

மீண்டும் எப்போது மருந்தடிக்கலாம்?

பிழைத்து வந்தவர் பத்தாம் நாளே தெளிப்பானைத் தூக்குவதைக் காண்கிறோம். உடம்பு தெம்பாகத்தான் இருக்கும். ஆனால் மடையடைக்கும் நொதி முழுதும் திரும்பியிராது. இரத்தச் சிவப்பணுவில் உள்ள கோலினெஸ்டரேஸ், புதிய அணுக்கள் உண்டாகும் வேகத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் கூடும். பாதி இழந்தவருக்கு அது நிரம்ப ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். முழுதும் இழந்தவருக்கு மூன்று மாதத்துக்கு மேல். அதற்குள் மறுபடி சிறிது மருந்து பட்டாலும், முதல்முறை தாங்கிய அளவை இந்தமுறை தாங்காது. நாள்தோறும் கூலிக்கு மருந்தடிப்பவர்களுக்கு, ஒருமுறைகூட மயங்கி விழாமலே இந்த நொதி சிறுகச் சிறுகக் குறைந்துவரும். தொடர்ந்த தலைவலி, தூக்கமின்மை, கைநடுக்கம் இருந்தால் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்கவும். பருவம் தொடங்கும் முன், மருந்தடிக்காத ஒரு நாளில் அதே சோதனையைச் செய்து சீட்டை வைத்துக்கொண்டால், பின்னர் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட எளிது. அந்தச் சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து, மருந்துப் புட்டிகளின் படங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளவும்.